காயம் ஒன்றே, பாதுகாப்பு வேறு: பணியிட விபத்துக்குப் பின் பெங்களூரு தொழிலாளிக்குக் கிடைப்பது என்ன?

பெங்களூரு: பீன்யா தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் இயந்திரத்துக்குக் கட்டைவிரலைப் பறிகொடுக்கும் தொழிலாளி, புறநகரில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழும் கொத்தனார், வெளிவட்டச் சாலையில் உணவுப் பொட்டலத்துடன் செல்லும்போது லாரி மோதிக் காலை இழக்கும் டெலிவரி ஊழியர் ஆகிய மூவரும் ஒரே நகரில், ஒரே நாளில் விபத்துக்குள்ளாகலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் மூவரும் நோயாளிகள் மட்டுமே. வேறுபாடு தொடங்குவது, தையல் பிரித்து வீடு திரும்பிய பிறகுதான். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் வரக்கூடும். இன்னொருவருக்கு ஒரே தவணையில் ஒரு தொகை, அதுவும் பல வேளைகளில் வழக்காடிய பின்னரே கிடைக்கும். மூன்றாமவருக்கு ஒரு சிறிய காப்பீட்டுத் தொகையுடன் கதை முடிந்துவிடும்.

இந்த வேறுபாட்டை முடிவு செய்வது காயத்தின் தன்மை அன்று. விபத்து நேர்ந்த கணத்தில் அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது என்பதே முடிவு செய்கிறது.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒன்பது பழைய சட்டங்களை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், செயலி வழிப் பணியாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டத்தைக் கர்நாடக அரசு அறிவிக்கை செய்தது. இவ்விரு மாற்றங்களும் மேற்சொன்ன இடைவெளியை எந்த அளவுக்குக் குறைக்கும் என்பதே இப்போது எழும் கேள்வி.

இரண்டு சட்டங்கள், இரண்டு கணக்குகள்

பணியிடக் காயத்துக்கான இந்தியச் சட்டத்தின் வரலாறு 1923-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேரும் விபத்துக்கு வேலையளிப்பவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டிய தேவை அத்துடன் நீங்கியது. இச்சட்டம் பின்னர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் பணம் கொடுக்க வேண்டியவர் முதலாளி ஒருவரே. அவர் மறுத்தாலும், தொழிலை மூடிவிட்டுச் சென்றாலும், தொழிலாளிதான் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். முதலாளி கட்டாயம் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தவில்லை.

இந்தக் குறையை நீக்க வந்ததே 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். இஎஸ்ஐ என்று பரவலாக அறியப்படும் இத்திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கப்பட்டது. இதில் பொறுப்பு தனி முதலாளியிடமிருந்து ஒரு பொது நிதிக்கு மாறுகிறது. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 3.25 சதவீதத்தை நிறுவனமும், 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் தம் பங்காகச் செலுத்துவது 150 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 650 ரூபாய்.

அந்தத் தொகைக்கு ஈடாகக் கிடைக்கும் பாதுகாப்பு பலர் எண்ணுவதைவிடப் பெரியது. பணியிடக் காயத்தால் தற்காலிகமாக வேலைக்குச் செல்ல இயலாத காலம் முழுவதும் சராசரி தினக்கூலியின் 90 சதவீதம் வழங்கப்படுகிறது. இயலாமை நிரந்தரமானால், ஈட்டுத்திறன் இழப்பின் விகிதத்துக்கேற்ப அதே 90 சதவீதத்தின் ஒரு பகுதி வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும். தொழிலாளி உயிரிழந்தால் சார்ந்தோருக்கு உதவித்தொகை உண்டு. காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கான பலன்களைப் பெறக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். பணியிடக் காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு.

கட்டைவிரலின் விலை

இரு சட்டங்களின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் கட்டைவிரலை முழுமையாக இழக்கிறார் என்று கொள்வோம். சட்டத்தின் அட்டவணைப்படி இது 30 சதவீத ஈட்டுத்திறன் இழப்பு.

அவர் மாதம் 21,000 ரூபாய் ஊதியத்தில் இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தால், தோராயமாக மாதம் 5,670 ரூபாய் ஆயுள் முழுவதும் கிடைக்கும். விலைவாசி உயர்வை ஈடுகட்ட இத்தொகை அவ்வப்போது திருத்தப்படுவதும் உண்டு.

அவருடைய ஊதியம் 22,000 ரூபாய் என்றால் கணக்கு மாறிவிடும். இஎஸ்ஐ ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். அதைத் தாண்டியவர் காப்பீட்டிலிருந்து வெளியேறி, முதலாளி தரும் இழப்பீட்டை நம்பும் நிலைக்கு வருகிறார். இங்கு நிரந்தர முழு இயலாமைக்கு மாத ஊதியத்தின் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆனால் கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. எனவே 22,000 ரூபாய் பெற்றவருக்கும் 15,000 ரூபாய் என்றே கணக்கிடப்படும். கட்டைவிரலுக்கான 30 சதவீத இழப்பீடு 5,61,546 ரூபாய். உச்சவரம்பு இல்லாமல் உண்மையான ஊதியத்தில் கணக்கிட்டால் இது 8,23,600 ரூபாயாக இருந்திருக்கும்.

ஐந்தரை லட்சம் ரூபாய் ஒரே நேரத்தில் கைக்கு வருவது பெரிதாகத் தோன்றலாம். அதை அப்படியே 7 சதவீத வட்டிக்கு வைப்பு வைத்தால் மாதம் சுமார் 3,275 ரூபாய் வரும். முதலும் கையில் இருக்கும். ஆனால் வேலையிழந்த குடும்பத்தில் அந்த முதல் தொடப்படாமல் இருப்பது அரிது. விபத்துக்காலக் கடன், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை முதலில் கரைப்பது அதைத்தான். ஆயுள் முழுவதும் நீடிக்கும் இழப்புக்கு ஆயுள் முழுவதும் வரும் வருவாயே பொருத்தமான ஈடு என்பதால்தான், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு 121-ஆவது உடன்படிக்கை மாதந்தோறும் வழங்கும் முறையை அடிப்படையாகக் கொண்டது. அந்த உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

ஊதியம் உயர்ந்தால் பாதுகாப்பு குறையுமா?

இந்த உச்சவரம்பு பெங்களூருவில் விரைவில் கூர்மையான சிக்கலாகக்கூடும். கர்நாடக அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்ட குறைந்தபட்ச ஊதிய வரைவு அறிவிக்கை, பெங்களூருவை உள்ளடக்கிய முதல் மண்டலத்தில் திறன் சாராத தொழிலாளிக்கே மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் முன்மொழிந்தது. உயர்திறன் தொழிலாளிக்கு அது 31,000 ரூபாயைத் தாண்டியது. ஊதிய உயர்வு தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் இஎஸ்ஐ வரம்பு 21,000 ரூபாயிலேயே நின்றால், குறைந்தபட்ச ஊதியம் பெறும் தொழிலாளிகூடக் காப்பீட்டு வளையத்துக்கு வெளியே நிற்க நேரிடும்.

உயர்ந்த ஊதியம் உடனே காப்பீட்டைத் துண்டித்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று பிரிக்கப்பட்ட சந்தாக் காலத்தின் இடையில் ஊதியம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை காப்பீடு தொடரும். அதன்பின் அது நின்றுவிடும். வரம்பை உயர்த்த வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் தொடர்ந்து கோருவதன் காரணம் இதுவே. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பல்லாயிரம் பெண்களுக்கு இந்த வரம்பு வெறும் எண் அன்று.

அந்தப் பெண்கள் சமூகப் பாதுகாப்பை எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கின்றனர் என்பதைப் பெங்களூரு ஒருமுறை கண்டிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் வேலையளிப்பவரின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கும் அறிவிப்பை எதிர்த்து, 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் ஆடைத் தொழிலாளர்கள் ஒசூர் சாலை உள்ளிட்ட சாலைகளில் இறங்கினர். நகரம் ஸ்தம்பித்தது. மத்திய அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நெருக்கடியில் கைகொடுக்கும் வேறு ஏற்பாடு இல்லாதவர்களுக்கு வைப்பு நிதியே நோய்க்கும் விபத்துக்குமான காப்பீடாகிவிடுகிறது என்பதை அப்போராட்டம் உணர்த்தியது.

அட்டவணை அளப்பது உடலை, இழப்பது பிழைப்பை

கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆட்காட்டி விரல் முழுமைக்கும் 14 சதவீதம், ஒரு கண்ணுக்கு 40 சதவீதம் என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் அதே விரல் இழப்பு ஒரு காவலாளிக்கும் ஒரு தையல்காரருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இந்த நுட்பத்தை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தெளிவுபடுத்தியது. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்தபோது விழுந்த தச்சர் ஒருவரின் இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால், அவருடைய இழப்பு பகுதி இயலாமை அன்று, முழு இயலாமையே என்று நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு தீர்ப்பு வந்த நாளிலிருந்து அன்று, விபத்து நேர்ந்த நாளிலிருந்தே சேர வேண்டியது என்றும் அது கூறியது. மருத்துவர் குறிக்கும் உடல் இயலாமைச் சதவீதமும், ஈட்டுத்திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010-இல் மோட்டார் வாகன விபத்து வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியது.

தொழிலாளிக்கு இதன் நடைமுறைப் பொருள் முக்கியமானது. மருத்துவக் குழு வழங்கும் சதவீதம் இறுதித் தீர்ப்பு அன்று; அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அவ்வாறு செய்யும்போது, தாம் செய்த வேலை எத்தகையது, அதற்கு எந்த உறுப்பு இன்றியமையாதது என்பதைச் சான்றுகளுடன் முன்வைக்க வேண்டும்.

பணிக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்திலும் நீதிமன்றம் அண்மையில் தெளிவு தந்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் அதிகாலைப் பணிக்குச் செல்லும் வழியில் உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே நேரும் விபத்து, அதன் நேரம், இடம், சூழல் ஆகியவை வேலையுடன் தொடர்புடையவை என்று நிறுவப்பட்டால், பணியின்போது நேர்ந்ததாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். புதிய சட்டத் தொகுப்பும் இதை ஏற்றுள்ளது. ஒசூரிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து செல்வோருக்கு இது நேரடியாகப் பயன்படும்.

மெல்லக் கொல்லும் காயம்

எல்லாக் காயமும் ஒரு நொடியில் நேர்வதில்லை. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயல் இதற்குச் சாட்சி. வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்றவர்கள் அங்கே பூமிக்கடியில் பாறையைத் துளைத்தனர். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவான இடங்களுள் அச்சுரங்கங்கள் முதன்மையானவை. மைசூர் சமஸ்தானக் காலத்திலேயே அந்நோய் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் தூசி உள்ளே சென்று பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் நோய், சுரங்கம் மூடும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

இன்று அதே ஆபத்து கல் அறுக்கும் பட்டறைகளிலும், கிரானைட் மெருகேற்றும் கூடங்களிலும், கட்டுமானத் தளங்களிலும் உள்ளது. சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில்நோய் என்றால், குறிப்பிட்ட வேலையைச் செய்திருப்பதே தொடர்புக்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளப்படும். பட்டியலில் இல்லாத நோய்க்குத் தொழிலாளியே தொடர்பை நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் மாறிமாறி வரும் தொழிலில், பத்தாண்டுகளுக்கு முன் எங்கே வேலை செய்தோம் என்பதற்குச் சீட்டு ஒன்றும் இல்லாதவர்களுக்கு இது மலையைப் பெயர்க்கும் வேலை. தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் தென் மண்டல மையம் பெங்களூருவில் இயங்குகிறது. ஆயினும் சாதாரண மருத்துவமனையில் நெஞ்சுச்சளிக்கு மருந்து வாங்கிச் செல்லும் கல்தச்சரிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பதே முதல் படி.

கட்டுமானத் தொழிலாளிக்கு உள்ள இரு கதவுகள்

2024 அக்டோபர் 22 அன்று, கனமழைக்கிடையே ஹொரமாவு அருகேயுள்ள பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து விழுந்து, பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பிழைப்புக்காக வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இத்தகைய பெரும் விபத்துகளில் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. ஆனால் தனியொரு தொழிலாளி சாரத்திலிருந்து விழும்போது செய்தியும் வருவதில்லை, நிவாரணமும் வருவதில்லை.

கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைத் தீர்வையாகப் பெற்று இயங்கும் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவியும் இயலாமை ஓய்வூதியமும் உண்டு. 18 முதல் 60 வயது வரையுள்ளோர், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்கள் கட்டுமான வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. வாரியத்தின் உதவி, முதலாளியின் இழப்பீட்டுக்கு மாற்று அன்று. இரண்டும் தனித்தனி உரிமைகள். துணை ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும், இழப்பீட்டுப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரைச் சாரும். அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வாரியத்தின் உதவியைப் பெற்றதோடு குடும்பங்கள் நின்றுவிடும்போது, பெரிய தொகை கேட்கப்படாமலே போகிறது.

செயலியின் கீழ் உழைப்போர்

டெலிவரி ஊழியரின் நிலை இன்னும் சிக்கலானது. சட்டத்தின் பார்வையில் அவருக்கு முதலாளி இல்லை. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பே, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வருவாய் ஈட்டுபவர் என்றுதான் அவரை வரையறுக்கிறது. எனவே பணியாளர் இழப்பீடும் இஎஸ்ஐ உரிமையும் அவருக்குத் தாமாகப் பொருந்துவதில்லை. நிதி ஆயோக்கின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, 2020-21-இல் இந்தியாவில் இத்தகையோர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது.

கர்நாடக அரசு 2023-இல் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டம், விபத்து மரணத்துக்கு மொத்தம் 4 லட்சம் ரூபாயும், நிரந்தர இயலாமைக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாயும் வழங்குகிறது. முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் முழு இயலாமை அடைந்தால், 15,000 ரூபாய் உச்சவரம்பிலேயே பணியாளர் இழப்பீடு 18,71,820 ரூபாய் வருகிறது. அதே வயதில் அதே காயம் அடைந்த டெலிவரி ஊழியருக்கு இரண்டு லட்சம். இடைவெளி ஒன்பது மடங்குக்கும் மேல்.

2025-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இதை மாற்றும் வாய்ப்பைத் திறந்துள்ளது. ஒவ்வொரு பணிக்கும் ஊழியருக்கு வழங்கும் தொகையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை நலக் கட்டணமாக நிறுவனங்களிடம் வசூலித்து, நல வாரியத்தின் வழியே செலவிட அது வகை செய்கிறது. மத்தியச் சட்டத் தொகுப்பும், செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. நிதிக்கு வழி பிறந்துவிட்டது. அதை எவ்வடிவில் திருப்பித் தருவது என்பதே எஞ்சியிருக்கும் முடிவு. மீண்டும் ஒரு சிறிய காப்பீட்டுத் தொகையாகத் தருவதா, முதுகுத்தண்டு முறிந்த இருபத்தைந்து வயது இளைஞருக்கு மாதந்தோறும் வரும் வருவாயாகத் தருவதா என்பதைத் திட்டங்களின் விதிகளே தீர்மானிக்கும்.

தமிழர்கள் பெருமளவில் பணிபுரியும் சிங்கப்பூர் இதில் ஒரு வழியைக் காட்டியுள்ளது. அங்கு 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், செயலி வழிப் பணியாளர்களைத் தனிப் பிரிவாகவே வைத்துக்கொண்டு, பணியிடக் காய இழப்பீட்டில் மற்றப் பணியாளர்களுக்கு நிகரான உரிமையை வழங்குகிறது. முதலாளி யார் என்ற வழக்கு முடியும்வரை காயம்பட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு.

வேலையால் வராத இயலாமை

பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, விடுமுறை நாள் விபத்து ஆகியவையும் ஒருவரை நிரந்தரமாக வேலையிலிருந்து விலக்கலாம். இங்கே இந்தியப் பாதுகாப்பு வலை மிகவும் மெல்லியது. இஎஸ்ஐ காப்பீட்டாளருக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் 70 சதவீத ஊதியமும், குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் 80 சதவீதமும் உண்டு. வேலை சாராத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர இயலாமை ஏற்பட்டு வேலையை இழந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 24 மாதங்கள் வரை வேலையின்மைப் படியும் கிடைக்கும்.

வருங்கால வைப்பு நிதியுடன் இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், பணிக்காலத்தில் முழுமையாகவும் நிரந்தரமாகவும் வேலைத்திறன் இழப்பவருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. வழக்கமான ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை தேவை. இதற்கு ஒரு மாதச் சந்தாவே போதும். பலர் இதை அறியாமல், வைப்பு நிதியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகின்றனர். எந்தத் திட்டத்திலும் இல்லாத, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 80 சதவீத இயலாமை உடையோருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே.

வேலையில் நீடிக்கும் உரிமையும் சமமாக இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை அடைந்த ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் மாற்றுப் பணி தர வேண்டும் என்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கே உரியது. மாநகரப் பேருந்து ஓட்டுநருக்குக் கிடைக்கும் இந்த உரிமை, அதே சாலையில் ஓடும் தனியார் வாடகைக்கார் ஓட்டுநருக்கு இல்லை.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கும் விபத்துகளை ஆராய்ந்துவரும் சேஃப் இன் இந்தியா அமைப்பு, காயமடைந்தோரில் பலருக்கு இஎஸ்ஐ அட்டை விபத்துக்குப் பின்னரே வழங்கப்படுவதைத் தன் அறிக்கைகளில் தொடர்ந்து சுட்டிக்காட்டியுள்ளது. பதிவு செய்யாத நிறுவனங்களைப் பழைய நிலுவை கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் சிறப்புத் திட்டத்தை இஎஸ்ஐ கழகம் 2025 ஜூலையில் தொடங்கியதும், விடுபட்டோர் இன்னும் பலர் என்பதையே காட்டுகிறது.

ஆகவே, வேலையில் சேர்ந்ததும் காப்பீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுவது முதல் கடமை. ஊதியச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டால், அது கணக்கில் செலுத்தப்பட்டுள்ளதா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். விபத்து நேர்ந்தால் அதே நாளில் நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்வதும், மருத்துவமனைக் குறிப்பில் வேலையின்போது நேர்ந்த காயம் என்று இடம்பெறச் செய்வதும் பின்னாளில் பெரும் ஆதாரமாகும். வெளியில் சொல்லாமல் இருந்தால் சிகிச்சைச் செலவை ஏற்கிறோம் என்று நிறுவனம் தரும் வாக்குறுதியை நம்பிப் பதிவைத் தவிர்ப்பவர், சில ஆயிரங்களுக்காக ஆயுள்கால உரிமையை விட்டுக்கொடுக்கிறார். முதலாளி சந்தா செலுத்தத் தவறியிருந்தாலும் தொழிலாளி மனம் தளர வேண்டியதில்லை. கழகமே பலனை வழங்கிவிட்டு, அத்தொகையை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எந்தக் காப்பீட்டிலும் சேராதவர்கள், வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். விபத்து மரணத்துக்கும் முழு இயலாமைக்கும் 2 லட்சம் ரூபாயும், பகுதி இயலாமைக்கு ஒரு லட்சம் ரூபாயும் அதில் கிடைக்கும். இது சிறு துணையே. ஆயினும் ஒன்றுமில்லாத இடத்தில் அதுவும் ஒரு பிடிமானம்.

அரசுகள் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. இஎஸ்ஐ ஊதிய வரம்பை மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதியத்துடன் ஒத்துப்போகுமாறு உயர்த்துவது ஒன்று. இழப்பீட்டுக் கணக்கிலுள்ள 15,000 ரூபாய் உச்சவரம்பைத் திருத்துவது இரண்டாவது. கர்நாடகத்தின் நல வாரியம் திரட்டும் நிதியிலிருந்து, செயலி வழிப் பணியாளர்களுக்கு மாதந்தோறும் வழங்கும் இயலாமை வருவாயை ஏற்படுத்துவது மூன்றாவது. இம்மூன்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை; அறிவிக்கைகளும் விதிகளுமே போதும். அவை வரும்வரை, பீன்யாவின் பவர் பிரஸ்ஸும் வெளிவட்டச் சாலையின் லாரியும் ஏற்படுத்தும் காயத்தின் மதிப்பு, பாதிக்கப்பட்டவரின் பெயர் இருக்கும் பதிவேட்டைப் பொறுத்தே அமையும்.